கந்தல் கரையேறிய கதை

கி.பி. 799ஆம் ஆண்டு, ஜப்பானின் மிகாவா கடற்கரையில் ஒரு சின்னப் படகு வந்து ஒதுங்கியது. படகில் ஒரே ஓர் இளைஞன். இருபது வயது இருக்கலாம். இடுப்பில் ஒரு கோவணம், முதுகை மூட ஒரு துணி, இடது தோளில் பிக்குகளின் சீவரம் போல இன்னொரு துணி. அவன் பேசியது கரையில் யாருக்கும் விளங்கவில்லை. அங்கிருந்த சீனர்கள் அவனைப் பார்த்துவிட்டுத் தென்கடல் பக்கத்து ஆள் என்றார்கள். பின்னால் ஜப்பானிய மொழி பழகியதும் அவனே வாய் திறந்து சொன்னான், தான் வந்தது இந்தியாவிலிருந்து என்று. ஒற்றைத் தந்தி வாத்தியம் ஒன்றை மீட்டிப் பாடுவான். அந்தப் பாட்டில் சோகம் ததும்பியது என்று அரசவைக் குறிப்பே எழுதி வைத்திருக்கிறது. அவன் மூட்டைக்குள் புல் விதை மாதிரி ஏதோ இருந்தது. என்னவென்று விசாரித்தார்கள்.

அது பருத்தி விதை. ஜப்பான் அதுவரை பருத்தியை விளைவித்ததே இல்லை. சீமான்களுக்குப் பட்டு, மற்றவர்களுக்குச் சணல் போன்ற நார்த்துணி, அவ்வளவுதான். மறு வருஷமே அரசாங்கம் அந்த விதைகளைத் தெற்கு மாகாணங்களுக்குப் பிரித்து அனுப்பியது. கூடவே விளக்கமான கட்டளையும் போனது: வெயில் படும் நல்ல மண்ணாகப் பார்த்துக் குழி தோண்ட வேண்டும், விதையைக் கழுவி ஓர் இரவு ஊற வைக்க வேண்டும், குழிக்கு நான்கு விதை, தினமும் காலையில் தண்ணீர். இத்தனை கவனம் எடுத்தும் செடி நிலைக்கவில்லை. பருத்தி ஜப்பானிலிருந்து மறைந்தே போனது. அந்த இளைஞன் கையிலிருந்ததை விற்று, சாலையோரம் ஒரு வீடு கட்டி, போக்கிடம் இல்லாதவர்களைத் தங்க வைத்தானாம். பிறகு ஒரு கோயிலுக்குப் போனான். அதற்குமேல் அவனைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அவன் கரையேறிய பகுதியில், இன்றைய நிஷியோ நகரில், அவனைப் பருத்தியின் தெய்வமாக வைத்துக் கும்பிடும் கோயில் ஒன்று இருக்கிறது. அவன் கொண்டுவந்த பயிர் திரும்பி வரத்தான் ஏறக்குறைய எழுநூறு ஆண்டுகள் பிடித்தன.

இந்த முறை அதை வேரூன்ற வைத்தது போர். 15, 16ஆம் நூற்றாண்டுகளில் ஜப்பானியச் சிற்றரசர்கள் ஒருவரை ஒருவர் ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தார்கள். கொரியாவிலிருந்தும் சீனாவிலிருந்தும் வந்த பருத்தித் துணி, சிப்பாயின் உடுப்புக்கும் கப்பல் பாய்க்கும் துப்பாக்கித் திரிக்கும் தோதாக இருந்தது. உள்நாட்டிலேயே பயிரிட ஆரம்பித்தார்கள். சண்டைகள் ஓய்ந்தபோது ஒசாகாவைச் சுற்றியும் மிகாவாவிலும் வயல் வயலாகப் பருத்தி வெடித்துக் கிடந்தது. உடம்புக்கு இதம், நீலச் சாயம் நன்றாகப் பிடிக்கிறது, விலையும் எட்டக்கூடியது. ஒரு தேசமே பருத்திக்கு மாறிக்கொண்டிருந்த அந்த நேரத்தில், வடக்கு மூலையில் மட்டும் செடி முளைக்க மறுத்தது.

பிரதான தீவின் வடக்கு நுனியான அவோமோரியில் வருஷத்தில் பல மாதம் பனி. பருத்திக்கு வேண்டிய நீண்ட வெயில் காலம் அந்த மண்ணுக்கு இல்லை. விளைந்தது சணல் வகைச் செடி மட்டும்தான். பெண்கள் அதை அறுத்து, ஊற வைத்து, நாரை உரித்து, விரலால் பிரித்து முடிந்து முடிந்து நூலாக்கி, பனி மூடிய மாதங்களில் தறியில் நெய்தார்கள். ஆளுக்கு ஒரு மேலாடை தேறுவதே பெரும்பாடு. அப்படித் தேறிய துணியிலும் இழைக்கு இழை இடைவெளி. காற்று ஊடுருவிப் போகும். கோடையில் அது சுகம். பனிக்காலத்திலும் அதே துணிதான். போதாக்குறைக்கு 1724இல் அப்பகுதியின் மேற்குப் பாதியை ஆண்ட ட்சுகாரு அரசு ஒரு சிக்கனச் சட்டம் போட்டது: விவசாயிகள் பருத்தி ஆடை உடுத்தக் கூடாது.

சட்டம் ஆடையைத்தான் தடுத்தது, ஊசியைத் தடுக்கவில்லை. ட்சுகாரு பெண்கள் நீலம் தோய்த்த சணல் துணியின் இடைவெளிகளை நூலால் அடைக்கத் தொடங்கினார்கள். முதலில் சணல் நூல். பின்னர் பருத்தி நூல் கைக்கு எட்டியபோது வெள்ளைப் பருத்தி நூல். நெடுக்கிழைகளை ஒன்று, மூன்று, ஐந்து என ஒற்றைப்படையில் எண்ணி எண்ணி ஊசியை ஓட்டினார்கள். மூட்டை சுமக்கும் தோளிலும் முதுகிலும் தையல் நெருக்கமாக விழுந்தது. எண்ணித் தைத்ததில் தானாகவே கோலம் பிறந்தது, ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிய சாய்சதுரங்கள். இதற்குக் கோகின் என்று பெயர். கிழக்கே நம்பு பகுதியில் இரட்டைப்படையில் எண்ணினார்கள். அங்கே சாய்சதுரம் அகலவாக்கில் படுத்தது. வெள்ளைத் தையல் அழுக்கேறினால் மொத்த ஆடையையும் மறுபடி நீலத்தில் முக்கினார்கள். நைந்தால் தையலுக்கு மேலேயே தையல். காற்றை ஓரளவு தடுத்தாயிற்று. போர்த்திக்கொள்ளத் துணி? அது கடல் வழியாக வந்தது, யாரோ கழித்துப்போட்ட துணியாக.

1672இல் கவாமுரா சுய்கென் என்ற வணிகர் மேற்குக் கடலைச் சுற்றி ஒசாகாவுக்குச் சரக்குக் கப்பல் போகும் பாதையை ஒழுங்குபடுத்திக் கொடுத்தார். அந்தப் பாதையில் பின்னால் ஓடிய கப்பல்கள் தெற்கிலிருந்து அரிசி, உப்பு, மது ஆகியவற்றோடு மூட்டை மூட்டையாகப் பழைய துணியையும் ஏற்றி வந்தன. ஜப்பானியக் கிமோனோவின் அமைப்பே அதற்குக் காரணம். ஏறத்தாழ 36 சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரே துணிச்சுருளை நேர்கோட்டில் வெட்டித்தான் கிமோனோ தைப்பார்கள். வளைவு வெட்டே கிடையாது. தையலைப் பிரித்தால் திரும்பவும் துணிச்சுருள். துவைத்து, விறைக்கவைத்து, வேறு ஆளுக்குத் தைக்கலாம். பெரியவருடையது பிள்ளைக்கு, பிள்ளையுடையது குழந்தையின் அரைத்துணிக்கு, அது கடைசியில் தரை துடைக்க. பழைய துணி வாங்கி விற்பது நகரங்களில் பெரும் தொழிலாகவே நடந்தது. நகரத்துக்காரர்கள் வேண்டாம் என்றது துறைமுகத்துக்கு வந்தது. துறைமுகத்திலிருந்து வடக்கே போனது. அதே கப்பல் காலியாகத் திரும்பவில்லை. வடக்குக் கடலில் பிடித்த ஹெர்ரிங் மீனைக் கொதிக்க வைத்துப் பிழிந்து காயவைத்த சக்கையை ஏற்றிப் போனது. அந்தச் சக்கை எங்கே போனது தெரியுமா என்று யாரும் கேட்காமலே கதை பதில் சொல்கிறது: ஒசாகாவைச் சுற்றியிருந்த பருத்தி வயல்களுக்கு, உரமாக. வடக்கின் மீன் தெற்கில் பருத்தியானது; அந்தப் பருத்தி நைந்து கிழிந்து வடக்குக்கே வந்தது. பொருளாதாரப் பாடமாக யாரும் திட்டம் போட்டுச் செய்யாத இந்தச் சுழற்சியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மலைப்பு வரும். ஆனால் அதன் கடைசிக் கண்ணியில் நின்றவர்கள் கையில் கிடைத்தது துண்டும் துணுக்கும்தான்.

அந்தத் துணுக்குகளை வைத்து அவோமோரிப் பெண்கள் செய்ததுதான் இந்தக் கதையின் உயிர். மூன்று பயறு மணிகளை முடியும் அளவு துணி இருந்தால்கூட வீசக் கூடாது என்பது அங்கே வழிவழியாகச் சொல்லிவந்த பேச்சு. ஒரு கிழிசல் விழுந்தால் மேலே ஒரு ஒட்டு. ஒட்டு நைந்தால் அதன்மேல் இன்னொன்று. நீலத்தில் எத்தனை வகை உண்டோ அத்தனையும், கோடும் கட்டமும் கலந்து, எல்லாவற்றையும் சின்னச் சின்ன ஓட்டுத்தையல் பிடித்து நிறுத்தியது. 'டொன்ஜா' என்றொரு அங்கி இருந்தது. இரவில் போர்த்திப் படுப்பதற்கானது. உள்ளே அடைக்கப் பஞ்சு இல்லாததால் சணல் சக்கையை அடைத்தார்கள். தலைமுறை தலைமுறையாக ஒட்டுப் போட்டதில் சில டொன்ஜாக்கள் 14 கிலோ வரை கனத்தன. குடும்பமே ஆடையைக் களைந்துவிட்டு அதற்குள் ஒன்றாகப் படுத்து ஒருவர் சூட்டில் ஒருவர் தூங்கினார்கள். 'பொதொகோ' என்று இன்னொன்று, ஒட்டுத் துணிகளைச் சேர்த்துத் தைத்த விரிப்பு. பிரசவத்தின்போது தாய்க்குக் கீழே விரிப்பார்கள். பாட்டன் பூட்டியின் உடுப்புத் துண்டுகள்மேல்தான் குழந்தை வந்து விழுந்தது. தைக்கவும் தேறாத துணியை நாடா நாடாவாகக் கிழித்து ஊடையாக வைத்து, சணல் பாவில் மீண்டும் நெய்துவிட்டார்கள். இதில் அழகைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. அடுத்த பனிக்காலத்தில் பிள்ளைகள் உயிரோடு இருக்க வேண்டும், அவ்வளவுதான் நோக்கம். அந்தக் கந்தலை அவர்கள் 'போரோ' என்றார்கள். அது விலைபோகும் என்று அன்று சொல்லியிருந்தால் ஒருத்தியும் நம்பியிருக்க மாட்டாள்.

1891 செப்டம்பரில் டோக்கியோவிலிருந்து அவோமோரி வரை ரயில் வந்து சேர்ந்தது. சட்டத்தடையெல்லாம் அதற்குள் பழங்கதை. மில் துணி மலிவாக இறங்கியதும் பெண்கள் எண்ணித் தைப்பதை விட்டார்கள். விட்டதில் குற்றமே இல்லை. கண்ணும் விரலும் நோக யார்தான் விரும்பித் தைப்பார்கள்? சில பத்தாண்டுகளில் கோகின் வழக்கொழிந்தது. அதைக் காப்பாற்றியவர் யனாகி சோயெட்சு என்ற சிந்தனையாளர். பெயர் தெரியாத சாமானியர்கள் அன்றாட உபயோகத்துக்குச் செய்த பொருள்களில்தான் உண்மையான அழகு இருக்கிறது என்று இயக்கம் நடத்தியவர் அவர். 1932இல் தம் 'கோகெய்' இதழின் ஒரு வெளியீட்டில் கோகினைத் தூக்கி நிறுத்தினார். அதற்குப் பிறகு ஹிரோசாகி நகரில் பழைய ஆடைகளைத் தேடித் திரட்டிக் கோலங்களைப் படியெடுக்கும் வேலை தொடங்கியது. கோகின் பிழைத்துக்கொண்டது. கந்தலுக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜப்பான் வேகமாகப் பணக்கார நாடானது. வீட்டின் பரணில் கிடந்த போரோ இப்போது அவமானச் சின்னம். பாட்டி உயிரைக் கொடுத்துத் தைத்ததை எடுத்துப்போட்டு எரித்தார்கள், குப்பையில் எறிந்தார்கள், யார் கண்ணிலும் படாமல் மறைத்தார்கள். ஒரு தலைமுறை கூடுதலாகக் கழிந்திருந்தால் தடயமே மிஞ்சியிருக்காது. அந்த நேரத்தில்தான் ஒரு மனிதர் வீடு வீடாக வந்து கதவைத் தட்ட ஆரம்பித்தார்.

தனாக்கா சூசாபுரோ அவோமோரியிலேயே 1933இல் பிறந்தவர். ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முந்தைய ஜோமோன் மக்களின் மண்பாண்டங்களைத் தேடி மண்ணைத் தோண்டிக்கொண்டிருந்தவர். கிராமம் கிராமமாக அலைந்தபோது, மண்ணுக்கு மேலேயே ஒரு வரலாறு அழிந்துகொண்டிருப்பது அவருக்கு உறைத்தது. கந்தல் இருந்தால் கொடுங்கள் என்று கேட்டு வருபவரை யார் வரவேற்பார்கள்? தங்கள் வறுமையைக் கேலி செய்ய வந்திருக்கிறார் என்று நினைத்து ஒளித்தார்கள். அவர் திரும்பத் திரும்பப் போனார். பாட்டிகளோடு உட்கார்ந்து அந்தத் துணி யாருடையது, எப்போது தைத்தது என்று கதை கேட்டார். பாட்டிகள் மெல்ல மெல்லப் பெட்டியைத் திறந்தார்கள். ஆடைகளும் வீட்டுச் சாமான்களுமாக அவர் சேர்த்தவை பல ஆயிரம். 1983இல் அவர் திரட்டிய தையல் ஆடைகளில் 786ஐ ஜப்பான் அரசு முக்கியமான நாட்டார் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தது. அகிரா குரோசாவா தம் 'கனவுகள்' படத்துக்கு (1990) இவருடைய சேகரிப்பிலிருந்து உடைகள் பெற்றார். ஒரு படத்தோடு முடிந்திருக்க வேண்டிய புகழ்தான். ஆனால் அதே எண்பதுகளில், பூமிப்பந்தின் மறுபக்கத்தில், கந்தலுக்கு இன்னொரு வாசல் திறந்துகொண்டிருந்தது.

1981இல் ரெய் கவாகுபோவும் யோஜி யமாமோட்டோவும் பாரிஸில் முதன்முறையாகத் தங்கள் ஆடைகளைக் காட்டினார்கள். மினுமினுப்பையும் இறுக்கமான இடுப்பையும் எதிர்பார்த்து உட்கார்ந்திருந்த பாரிஸுக்கு முன்னால் கறுப்பில், தொளதொளவென்று, முடிக்காமல் விட்ட ஓரங்களோடு உடைகள் வந்தன. மறு வருஷம் கவாகுபோ ஓட்டை விழுந்த ஸ்வெட்டர்களைக் கொண்டுவந்தார். பின்னும் இயந்திரத்தின் திருகுகளை வேண்டுமென்றே தளர்த்தி, எங்கே ஓட்டை விழும் என்று தனக்கே தெரியாதபடி பின்ன வைத்தவை அவை. மேலைநாட்டு விமர்சகர்கள் சிலர் கொதித்தார்கள். ஜப்பானியப் பத்திரிகைகள் அந்த மோஸ்தருக்கு ஒரு பெயரே வைத்துவிட்டன: 'போரோ லுக்'. பெயர் வசையாகத்தான் வந்தது. இருந்தாலும் அவோமோரிப் பரண்களில் ஒளித்து வைத்த அதே சொல் உலக ஃபேஷன் மேடை ஏறிவிட்டது. இரண்டுக்கும் நேர் உறவு இருந்ததாக யாரும் அப்போது பேசவில்லை. இரண்டும் சந்திக்க இன்னும் கால் நூற்றாண்டுக்கு மேல் ஆனது.

2009இல் டோக்கியோவின் அசகுசா கோயில் பக்கத்தில் அம்யூஸ் அருங்காட்சியகம் திறந்தது. தனாக்காவின் போரோ அங்கே நிரந்தரக் காட்சி. கண்ணாடிக்குப் பின்னால் பூட்டி வைக்கவில்லை. வருகிறவர்கள் பலவற்றைத் தொட்டுப் பார்க்கவே விட்டார்கள். என் கருத்தில் அந்த ஒரு முடிவுதான் பெரிய திருப்பம். படத்தில் போரோ அழகான நீல ஓவியம். கையில் எடுத்தால்தான் அதன் கனம் தெரியும், எத்தனை கைகள் தைத்தன என்பது விரலுக்குப் புரியும். அதே ஆண்டில் இந்தச் சேகரிப்பைப் பற்றிய புகைப்பட நூலும் வெளியானது. ஆடை வடிவமைப்பாளர்கள் வந்து பார்த்தார்கள். 2014இல் லண்டனின் சாமர்செட் ஹவுஸில் போரோ கண்காட்சி நடந்தது. ஜப்பானியப் பழம்பொருள் வியாபாரிகள் ஒருகாலத்தில் மற்ற சாமான்களைச் சுற்றிக் கட்டப் பயன்படுத்திய கந்தலைச் சேகரிப்பாளர்கள் பெரும் விலை கொடுத்து வாங்கிப் போனார்கள்.

இன்று பெருநகரத் துணிக்கடைகளில் தொங்கும் ஜாக்கெட் பிறந்தது இப்படித்தான். நீலத்தின் மேல் நீலமாக ஒட்டுப் போட்டு, வெள்ளை நூலில் வரி வரியாக ஓட்டுத்தையல் போட்ட அந்த ஜாக்கெட்டையும், முழங்காலில் ஒட்டு தெரிகிற ஜீன்ஸையும் இளைஞர்கள் யோசிக்காமல் எடுத்து மாட்டிக்கொள்கிறார்கள். 'சஷிகோ' தையல் என்று விலைச்சீட்டில் போடுகிறார்கள். பழைய துணியை உயர்த்தும் அப்சைக்கிளிங் என்கிறார்கள். ஜப்பானின் ஜீன்ஸ் தலைநகரான கொஜிமாவில் பிறந்த கேப்பிடல் நிறுவனம் இந்த ஒட்டு ஆடைகளால் உலகப் பெயர் பெற்றது. கொஜிமா கடலைத் தூர்த்து உண்டாக்கிய பூமி. உப்பு மண்ணில் நெல் வராததால் பருத்தி போட்ட ஊர். பருத்தி தறியைக் கொண்டுவந்தது, தறி சீருடைத் தொழிலை, சீருடை ஜீன்ஸை.

பெயர் பெற்றதும் போலியும் வந்தது. புத்தம் புதுத் துணியை வெட்டி, வேண்டுமென்றே நைய வைத்து, இயந்திரத்தில் ஓட்டுத்தையல் அச்சடித்தாற்போல் போட்டுக் குவிக்கிறார்கள். எனக்கு இது மனதுக்கு ஒப்பவில்லை. கந்தலின் தோற்றத்துக்காகப் புதுத் துணியைக் கந்தலாக்குவது, மூன்று பயறு அளவுத் துணியைக்கூடக் காத்தவர்களின் வேலையைத் தலைகீழாக்குவது. அந்த வேலையின் நேர் வாரிசு என்று நான் நினைப்பது வேறொன்று. அது பிறந்தது ஒரு பேரழிவில்.

2011 மார்ச் 11 அன்று வந்த சுனாமி இவாத்தே மாகாணத்தின் ஓட்சுச்சி என்ற கடலோர ஊரை வழித்துப் போட்டது. ஆயிரத்துக்கும் அதிகமானோர் மாண்டார்கள் அல்லது காணாமற் போனார்கள். வீடும் படகும் வேலையும் போன பெண்கள் நிவாரண முகாம்களில் செய்ய ஒன்றுமின்றி உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு எது முடியும் என்று தன்னார்வலர்கள் யோசித்தார்கள். முகாமில் இடம் குறைவு, கருவிகள் கிடையாது. ஊசி, நூல், துணி மட்டும் போதும் என்ற வேலை ஒன்று இருந்தது. அப்படித்தான் அதே ஆண்டில் ஓட்சுச்சி சஷிகோ திட்டம் தொடங்கியது. முதலில் சின்னச் சின்னத் துணி விரிப்புகள். தைத்தால் காசு வந்தது. அதைவிட, தைக்கும் நேரத்துக்காவது நினைவுகள் விலகி நின்றன. நிவாரணப் பொருள்களுக்கு இரக்கத்தின் பேரில் வரும் வாடிக்கை சில வருஷங்களில் வற்றிவிடும். இதுவும் வற்றியிருக்கும்.

2016இல் டோக்கியோவில் குவோன் என்ற ஆடை நிறுவனம் தொடங்கியது. பழைய போரோ துணிகளைக் கொண்டு புது ஜாக்கெட் தைப்பது அதன் வேலை. அதற்கு நல்ல தையல் கைகள் வேண்டும். கைகள் ஓட்சுச்சியில் இருந்தன. இரக்கத்துக்காக அல்ல, வேலை நேர்த்திக்காக ஆர்டர் வந்தது. இதற்கிடையே 2013இல் தனாக்கா காலமாகியிருந்தார். 2019இல் அசகுசா அருங்காட்சியகமும் மூடப்பட்டது. அவருடைய சேகரிப்பின் துணிகள் நியூயார்க் போய், 2020 மார்ச்சில் ஜப்பான் சொசைட்டி அரங்கில் கவாகுபோ, யமாமோட்டோ ஆடைகளுக்குப் பக்கத்தில் தொங்கின. பாரிஸ் வசையும் அவோமோரிப் பரணும் ஒரே கூரையின் கீழ் வந்த சில நாட்களில் கொரோனாவால் ஊரே அடைபட்டது.

ஓட்சுச்சியில் ஊசி நிற்கவில்லை. 2024இல் அந்தப் பெண்கள் ஸ்னீக்கர்களை எடுத்துக்கொண்டார்கள். காலணியின் மேல்பரப்பு முழுக்க நீலத் துணுக்குகளை வைத்து, வளைவும் மடிப்பும் பார்த்துக் கையாலேயே தைத்தார்கள். நடுவயதுப் பெண்களும் பாட்டிகளும் சேர்ந்த கூட்டம் அது. அவோமோரியில் டொன்ஜாவைத் தைத்த பெண்களில் ஒருத்தியின் பெயரும் அந்தத் துணியில் இல்லை. ஓட்சுச்சிக் காலணிகள் சந்தைக்குப் போனபோது, தைத்தவர்களின் பெயரிலேயே போயின: 'சஷிகோ கேல்ஸ்'.